போகாத ஊரும் பொய்யான கட்டுரையும்



ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் தமிழாசிரியர்கள் பலரும் செய்கின்ற ஒரு வேலையை நானும் இம்முறை செய்தேன். தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்குக் கட்டுரைத் தாளைக் கொடுத்து, வெண்பலகையில் 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று தலைப்பை எழுதிவிட்டு அமர்ந்தேன். இருபது ஆண்டுகளாக இதே தலைப்பைக் கொடுத்து வருகிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளை எழுத வைப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை என்பது அப்போது என் எண்ணம்.

ஒரு மாணவன் இரண்டே வரிகள் எழுதியிருந்தான். 'நான் எங்கும் போகவில்லை. எங்கள் பயணம் ரத்தாகிவிட்டது.' அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, அவன் எழுதுகோலின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அருகில் அழைத்துக் கேட்டேன். மதுரைக்குப் போவதாக இருந்தார்களாம். பயணத்திற்கு நான்கு நாள்களுக்கு முன்னர் அப்பாவின் விடுப்பை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'அதான் எழுத ஒண்ணும் இல்ல டீச்சர்' என்றான்.

அன்று மாலை தாள்களைத் திருத்தும்போது வேறொன்றைக் கண்டேன். அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். குடும்பத்துடன் கடற்கரைக்குச் சென்றார்களாம். மணல் வீடு கட்டினார்களாம். அலைகள் துள்ளி வந்து அவன் பாதங்களை முத்தமிட்டனவாம். நேரம் போனதே தெரியவில்லையாம். அந்தப் பையனின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அவன் தாயார் விடுமுறை முழுவதும் இரவு வேலைக்குச் சென்றவர். அந்தக் கடற்கரை, கடைகளில் விற்கும் மாதிரிக் கட்டுரை நூலில் இருக்கின்ற கடற்கரை. பிழை ஏதும் இல்லாததால் இருபதுக்குப் பதினாறு போட்டிருந்தேன். உண்மையை எழுதியவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் அவன் தாளை அடியில் வைத்திருந்தேன்.

எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பதிவு அந்த இரண்டு தாள்களால் வந்தது.

விடுமுறைப் பயணம் ரத்தாவது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். சுற்றுலாவுக்குப் புறப்பட்டவர்களுக்கு அஃது ஒரு பண நட்டம், சில நாள் வருத்தம். அடுத்த ஆண்டு வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஊரைவிட்டு வந்து வாழ்பவர்களின் கணக்கு வேறு. நாங்கள் போவது இடம் பார்க்க அன்று, ஆளைப் பார்க்க. பாட்டி, தாத்தா, பெரியப்பா, அத்தை, சிறு வயதில் நாம் ஏறிய மாமரம், நம் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் அண்டை வீட்டுக்காரர். ஆண்டு முழுவதும் நாள்காட்டியில் அந்த ஒரு வாரத்தைச் சுற்றியே மற்ற வாரங்கள் நிற்கும். மதுரைக்கும் தஞ்சைக்கும் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குப் போகிற என்னைப் போன்றோருக்கும் அப்படித்தான்.

என் தாய்வீடு பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இருக்கிறது. பயிற்சிக்காக இங்கு வந்து, பணியில் அமர்ந்து, மணமுடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி விட்டபோதிலும் பள்ளி விடுமுறை வந்தால் என் கால்கள் வடக்கு நோக்கியே நிற்கும். மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் இரண்டு வாரம், ஆண்டிறுதியில் மூன்று வாரம். இதில் ஒன்று தவறினாலும் அம்மா தொலைபேசியில் ஒன்றும் சொல்லமாட்டார். 'சரி தாயி, வேலையைப் பாரு' என்பார். அந்தச் 'சரி'யின் கனம் எனக்குத்தான் தெரியும்.

2020 மார்ச் விடுமுறையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் 16, திங்கட்கிழமை இரவு மலேசியப் பிரதமர் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி முதல் நடப்புக்கு வரும் என்றார். எங்கள் பேருந்துச் சீட்டு 18ஆம் தேதி காலைக்கு எடுத்திருந்தது! பெட்டிகள் கூடத்தில் நின்றன. அம்மாவுக்காக வாங்கிய முட்டிவலித் தைலமும், அப்போது தொடக்கநிலை ஐந்தில் இருந்த மகள் தன் பாட்டிக்கென்று செய்த அட்டையும் பெட்டியின் மேற்புறத்திலேயே இருந்தன. இரண்டு வாரம்தான் என்றார்கள். நாங்களும் நம்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. ஏப்ரல் 7 முதல் இங்கும் கட்டுப்பாடுகள். ஜூன் விடுமுறையை முன்னுக்குக் கொண்டுவந்து மே 5 முதல் விட்டார்கள். நவம்பர் 14இல் வந்த தீபாவளியும் போயிற்று. அடுத்த ஆண்டுத் தீபாவளியும் போயிற்று. தரைவழிப் பயணம் பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நடந்தால் கால் மணி நேரம்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். முதல் விடுமுறை ரத்தானவுடன் நான் செய்த முதல் காரியம், கால அட்டவணை தயாரித்தது. ஆசிரியருக்கு உள்ள நோய் அது. காலை எட்டு மணிக்குத் தமிழ் வாசிப்பு, ஒன்பதுக்குக் கணிதப் பயிற்சித்தாள், பத்தரைக்கு உடற்பயிற்சி, பதினொன்றுக்குக் 'குடும்ப நேரம்'. குளிர்பதனப் பெட்டியின் கதவில் வண்ணத்தாளில் ஒட்டினேன். குடும்ப நேரத்தை அட்டவணையில் எழுதி ஒட்டும் ஒரு தாயைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மூன்றாம் நாள், ஏழு வயது மகன் பயிற்சித்தாளின் மேல் தலைவைத்து அழுதான். விடை தெரியாமல் அழுகிறான் என்று எண்ணி விளக்கத் தொடங்கினேன். 'பாட்டி வீட்டுல இந்நேரம் கோழிக்குத் தீனி போட்டிருப்பேன்' என்றான்.

அவனிடம் நான் அப்போது சொன்னது இன்னும் மோசம். 'எல்லாம் நன்மைக்கே' என்றேன். உலகமே துன்பப்படும்போது நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் அல்லவா என்றேன். அந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் இப்படிப்பட்ட பொன்மொழிகள் பறந்து வந்தன. இயற்கை ஓய்வெடுக்கிறது, குடும்பங்கள் ஒன்றுசேர்கின்றன என்றெல்லாம் எழுதினார்கள். ஒன்றுசேர முடியாமல் இரு நாடுகளில் பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கும் அதே செய்தி வந்துகொண்டிருந்தது! ஏமாற்றமடைந்த குழந்தையிடம் முதலில் அந்த ஏமாற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். 'ஆமாம் ஐயா, எனக்கும் அழுகையாகத்தான் இருக்கிறது' என்று நான் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொன்னேன். அதன்பிறகுதான் அவன் என் பேச்சைக் கேட்கத் தொடங்கினான்.

அட்டவணையைக் கிழித்துப் போட்டோம். மாலை ஐந்து மணிக்கு அம்மாவை அழைப்பது மட்டும் நிலைத்தது. அதுவும் தொடக்கத்தில் நன்றாக அமையவில்லை. காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டிவிட்டு, 'சாப்பிட்டியா?', 'சாப்பிட்டேன்', 'படிக்கிறியா?', 'படிக்கிறேன்' என்று நான்கு வாக்கியங்களில் பேச்சு தீர்ந்துவிடும். மகன் நழுவி ஓடிவிடுவான். வீட்டில் ஒரு வாரம் சேர்ந்து இருந்தால் பாட்டியும் பேரனும் ஓயாமல் பேசுகிறார்கள். திரையில் மட்டும் ஏன் பேச்சு வரவில்லை? வீட்டில் அவர்கள் பேசுவதற்காக உட்காருவதில்லை. கோழிக்குத் தீனி போடுவார்கள், தேங்காய் துருவுவார்கள், துணி மடிப்பார்கள். கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது வாய் தானாகப் பேசும். ஆகவே அழைப்புக்கும் ஒரு வேலை வேண்டும் என்று தோன்றியது.

தீபாவளிக்கு முறுக்கு சுடுவது அந்த வேலையாயிற்று. அம்மா தைப்பிங் சந்தையில் வாங்கிய பித்தளை உழக்கு என்னிடம் இல்லை. என் வீட்டுத் தராசு அவருக்குப் புரியாது. கடைசியில் பால் டின்னை அளவாகக் கொண்டோம். 'நாலு டின் அரிசி மாவுக்கு ஒரு டின் உளுத்தம் மாவு' என்று அவர் சொல்ல, மகள் எழுதிக்கொண்டாள். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். 'ஒரு துளி மாவைப் போட்டுப் பாரு, கீழே போனது உடனே மேலே வரணும்' என்றார் அம்மா. கைப்பேசியை அடுப்பருகே சாய்த்து வைத்து மூன்று மணி நேரம் பேசினார்கள். முதல் ஈடு கல்லாக இருந்தது. தின்று தீர்த்தோம்.

அந்த மூன்று மணி நேரப் பேச்சில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. பேச்சு எப்படியோ பழைய தோட்டத்துக்குப் போயிற்று. 'நான் ஒங்க அம்மா வயித்துல இருக்கும்போதே மரம் வெட்டப் போனேன்' என்றார் அம்மா. 'எத்தனை மரம் பாட்டி?' என்றாள் மகள். 'ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டுவேன்.' மகளின் முகம் மாறிவிட்டது. பள்ளியில் காடழிப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள் அல்லவா? தன் பாட்டி ஒருத்தியே பேராக் மாநிலத்துக் காட்டில் பாதியை அழித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்! பால்மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் தோட்டத்தில் 'மரம் வெட்டுவது' என்பார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றிலிருந்து மகள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டாள். நான் சொல்லி அன்று. விடியுமுன் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் 'பெரட்டு', பால் வடியும் 'மங்கு', மங்கில் உறைந்து கிடக்கும் 'கட்டிப்பால்', இரண்டு பக்கமும் வாளி தொங்கத் தோளில் சுமக்கும் 'காண்டா', கணக்கெழுதும் 'கிராணி', வரிசை வீடான 'லயம்'. ஓராண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. பாடநூலில் இவற்றில் ஒன்றும் இல்லை. தேர்வில் வரப்போவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பெறுவதற்கு அவள் முழு வாக்கியத்தில் தமிழில் கேள்வி கேட்கவேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

தமிழாசிரியராக எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காட்டினர். 2020இல் அது 2.5 விழுக்காடாயிற்று. ஆங்கிலத்தைச் சொன்னோர் 48.3 விழுக்காட்டினர். நம் மாணவர்களில் பலருக்குத் தமிழ், வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையில் முடிகிறது. ஆங்கிலத்தில் பேசித் தப்பிக்க முடியாத ஒரே இடம் அவர்களுக்குப் பாட்டி வீடு. ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போய்வந்த பிள்ளை ஜூலையில் வாய்மொழிப் பயிற்சிக்கு வரும்போது அந்த வேறுபாடு எனக்குக் காதிலேயே கேட்கும். பயணம் ரத்தானால் அதுவும் ரத்தாகிறது. சீட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கப் போராடும் பெற்றோர், இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். நான்கு வார விடுமுறையில் பிள்ளைக்குக் கிடைப்பது நான்கு வாரப் பயிற்சித்தாள்.

உடன் பணியாற்றும் தோழி ஒருவர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. 'பாட்டியோடு பேசுவதையும் மொழிப்பயிற்சி ஆக்கிவிடாதே. பிள்ளைகள் சும்மா இருக்கட்டும்' என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மகளின் குறிப்பேட்டை ஒருநாள் நான் எடுத்துச் சந்திப்பிழை திருத்தியதைக் கண்டு அவள் ஒரு வாரம் அதை ஒளித்து வைத்தாள். அதன்பிறகு நான் அதைத் தொடவில்லை.

ஊருக்குப் போகமுடியாத விடுமுறையில் இருக்கின்ற ஊரையாவது பார்க்கலாமே என்று பலரும் சொல்வார்கள். 2020 டிசம்பரிலிருந்து உள்ளூர்ச் சுற்றுலாவுக்கென்று குடிமக்களில் பெரியவர்களுக்கு நூறு வெள்ளி மின்பற்றுச்சீட்டுக்கூடக் கொடுத்தார்கள். (நான் நிரந்தரவாசி, எனக்கு வரவில்லை. என் கணவருக்கு வந்ததில் பிள்ளைகள் ஆற்றில் படகுச் சவாரி போனார்கள்.) செலவு செய்து பார்த்தவை நினைவில் அதிகம் நிற்கவில்லை. காசில்லாமல் நடந்த ஒரு நடைதான் நிற்கிறது.

2021 ஜூன் விடுமுறையின் கடைசி வாரத்தில் பழைய ரயில் பாதையில் நடந்தோம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. 2011 ஜூன் 30 இரவோடு அதில் ரயில் நின்றுவிட்டது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றதை அன்று தொலைக்காட்சியில் பார்த்தோம். இப்போது பெரும்பாலான இடங்களில் தண்டவாளம் இல்லை. புல்லும் மரமுமாக இருக்கிறது. இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. நாங்கள் புக்கித் தீமா பாலத்தில் ஏறி வடக்காக நடந்தோம்.

நான் முதன்முதலில் இந்த நாட்டுக்கு வந்தது இதே பாதையில்தான். இரவு ரயிலில், மடியில் ஒரு பை, காலடியில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. விடியும் நேரத்தில் சன்னலுக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளின் பின்புறத்தில் துணி காயும் மூங்கில் கழிகள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை பேர் இருக்கின்ற ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்தேன். இதைப் பிள்ளைகளிடம் அதுவரை சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை. 'அம்மா அழுதீங்களா?' என்றான் மகன். 'அழுதேன்' என்றேன். 'அப்புறம்?' என்றான். அடுத்த இரண்டு மணி நேரம் அவன் 'அப்புறம்' கேட்டுக்கொண்டே வந்தான். சிலிப்பர் கட்டை, கைகாட்டி மரம், நிலக்கரிப் புகை என்று நான் என் அப்பாவிடம் கேட்ட கதைகளும் சேர்ந்து வந்தன. அம்மா வேறு ஊரிலிருந்து வந்தவர் என்பதே அன்றுதான் அவனுக்கு உறைத்தது போலும்.

இப்படியெல்லாம் எழுதுவதால், ரத்தான விடுமுறைகளை நாங்கள் வென்றுவிட்டோம் என்று யாரும் எண்ணவேண்டாம். 2021இல் என் பெரியம்மா காலமானார். இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தோம். யாரோ ஓர் உறவினர் கைப்பேசியைப் பிடித்திருந்தார்; பாதி நேரம் கூரைதான் தெரிந்தது. அதை எந்த முறுக்கும் எந்த நடையும் ஈடு செய்யாது. 2022 ஏப்ரலில் வீட்டுக்குப் போனபோது, எப்போதும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வந்து நிற்கும் அம்மா வாசலில் கோலூன்றி நின்றார். அந்த இரண்டு ஆண்டுகள் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. எனினும் மகன் உள்ளே நுழைந்ததும் தயங்காமல் 'பாட்டி, காண்டா எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க' என்றான். கூச்சமின்றிப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஈராண்டு இடைவெளிக்குப் பிறகு பேரப்பிள்ளைகளும் பாட்டியும் அந்நியர்கள் போல் எதிரெதிரே அமர்ந்திருந்த வீடுகளையும் நான் அறிவேன்.

ஆகவே பெற்றோர்களே, பயணம் ரத்தானால் உடனே வேறொரு கேளிக்கையை வாங்கி அந்தப் பள்ளத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு நாள் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருக்கட்டும். அந்தப் பயணத்தில் அவன் எதற்காகக் காத்திருந்தான் என்று கேளுங்கள். நீங்கள் நினைப்பது ஒன்றாகவும் அவன் சொல்வது ஒன்றாகவும் இருக்கும். என் மகனுக்குக் கோழி. அதில் எதை இங்கிருந்தே செய்யமுடியும் என்று பாருங்கள். ஊரில் இருப்பவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். முதியவர்கள் நலம் விசாரிக்கப்படுவதைவிடத் தம்மிடம் ஏதேனும் கேட்கப்படுவதையே விரும்புகிறார்கள். நேர வேறுபாடு, அலைக்கற்றை, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்கும் தாத்தா எல்லாம் இருக்கும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கு ஒன்று சொல்லவேண்டும். 'சென்ற இடம்' என்று நாம் பலகையில் எழுதும்போது, எங்கும் செல்லாத பிள்ளையை நாமே பொய் சொல்லத் தூண்டுகிறோம். அந்தப் பொய்க்கு நல்ல தொடரமைப்பு இருந்தால் மதிப்பெண்ணும் தருகிறோம். ஒரு வகுப்பில் விமானம் ஏறியவனும் இருப்பான், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டவளும் இருப்பாள். இருவரும் எழுதக்கூடிய தலைப்பைத் தேடுவது நம் வேலை. நான் இவ்வாண்டு மாற்றிக்கொண்டேன். 'விடுமுறையில் நடக்காமல் போன ஒன்று' என்று கொடுத்து, வகுப்பு முழுவதையும் மீண்டும் எழுதச் சொன்னேன். ஜப்பானுக்குப் போய்வந்த மாணவி, அங்கே பனி பார்க்க எண்ணியதாகவும் கோடையில் பனி இல்லை என்றும் எழுதினாள். கடற்கரைக்காரன், அம்மாவோடு பகலில் பேச முடியாமல் போனதைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தான். அலை எதுவும் துள்ளவில்லை.

மதுரைக்குப் போகாத பையன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். முழுக்க முழுக்க ஒரு பெட்டியைப் பற்றி. படுக்கையறை மூலையில் பெட்டி இன்னும் இருக்கிறதாம். பிரித்து வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லையாம். முதல் வாரம் அவனும் அக்காளும் அதிலிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைத் தின்றுவிட்டார்கள். இரண்டாம் வாரம் அப்பா சவரக்கத்தியை எடுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் தைலம். இப்போது அதில் தாத்தாவுக்கு எடுத்த சட்டை மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கு அது சிறிது, அவனுக்குப் பெரிது. 'ளகர', 'லகர' மயக்கம் பன்னிரண்டு இடங்களில் இருந்தது. திருத்தினேன். பதினெட்டு போட்டேன்.

தாத்தாவை அழைத்துப் பேசினாயா என்று தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். பேசினானாம். சட்டை என்ன நிறம் என்று தாத்தா கேட்டாராம், சொல்ல மறுத்துவிட்டானாம். ஆகஸ்டு மாதம் அடுத்த வீட்டு மாமா மதுரைக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்பப் போகிறோம் என்றான்.